திரையில் பார்க்கும் சாகசங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தொலைக்காட்சியில் சாகச நிகழ்ச்சி தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை வரும். இதில் பங்கு பெறுபவர்கள் பயிற்சி பெற்றவர்கள், வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்பது அதன் சாரம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். சில விநாடிகளில் மறைந்துவிடும். மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன் எழுத்துக் கூட்டி அதை வாசித்து முடிப்பதற்குள் நிகழ்ச்சி ஆரம்பமாகிவிடுகிறது. வாசித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். செய்யாதே என்று சொல்ல ஒரு நொடி, செய்து காட்ட அரை மணி நேரம். பிள்ளையின் மனதில் எது தங்கும்?

தொலைக்காட்சி கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கு நாம் போகவில்லை. அந்த விவாதம் ஊரில் முடிவதற்குள் தொலைக்காட்சியே கைப்பேசிக்குள் நுழைந்து, பிள்ளையின் தலையணைக்கு அடியில் வந்துவிட்டது. பார்த்ததைச் செய்து பார்க்கும் பிள்ளையின் உயிரும் உடலும் பற்றியதே இந்தக் கட்டுரை. அதில் நமக்கு என்ன பொறுப்பு, மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

நடந்த சில சம்பவங்கள்

2000ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் எம்டிவி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. சில வாலிபர்கள் தங்கள் உடம்பையே பணயம் வைத்துச் செய்யும் கோமாளித்தனங்கள்தான் நிகழ்ச்சி முழுவதும். அதில் ஒருவர் தீப்பிடிக்காத உடை அணிந்து, எரியும் அடுப்பின் மேல் படுத்துக் காட்டினார். 2001 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் நண்பர்கள் உதவியோடு அதைச் செய்து பார்த்தான். திரையில் இருந்தவருக்குத் தனி உடை இருந்தது என்பது அவன் கணக்கில் வரவில்லை. கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தான். அந்த மாநிலத்தின் செனட்டர் ஜோ லீபர்மேன் தொலைக்காட்சி நிறுவனத்தைக் கண்டித்தார். நிகழ்ச்சி இரவு 10 மணிக்குப் பிறகு என்று மாற்றப்பட்டது. எச்சரிக்கை வாசகம் அதற்கு முன்பும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை ஓடிய 'சக்திமான்' தொடரை இன்று பெற்றோராக இருக்கும் பலர் சிறுவயதில் பார்த்திருப்பார்கள். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் உயரத்திலிருந்து குதித்ததாக அப்போது செய்திகள் வந்தன. அவை உண்மையல்ல என்று அதில் நடித்த முகேஷ் கன்னா பின்னர் மறுத்திருக்கிறார். அந்தச் சர்ச்சை இருக்கட்டும். பார்த்ததைச் செய்து பார்க்காதீர்கள் என்று அந்த வீரனின் வாயாலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நிலை அந்தத் தொடருக்கு வந்தது.

இன்னொன்று நம் சமுதாயத்துக்கு நெருக்கமானது, வேதனையானது. 2006 டிசம்பர் 30 அன்று, ஹஜ்ஜுப் பெருநாள் நேரத்தில், சதாம் ஹுசைனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் காட்சியை உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. பெருநாளைக்குக் கூடியிருந்த வீடுகளில் பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில நாட்களில் பாகிஸ்தானில் 9 வயதுச் சிறுவனும், அமெரிக்காவின் டெக்சாஸில் 10 வயதுச் சிறுவனும் அதைப் போலச் செய்து பார்த்து உயிரிழந்தார்கள். அது சாகச நிகழ்ச்சி அல்ல, செய்தி. பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. செய்தி அலைவரிசை ஓடும்போது பிள்ளை கூடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலைதான் என்பதை அந்த இரு மரணங்கள் காட்டுகின்றன.

பிள்ளை ஏன் பார்த்ததைச் செய்கிறது?

கல்லூரியில் உளவியல் படித்தவர்களுக்கு ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனை தெரிந்திருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1961இல் அவர் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை வைத்து அதை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடிப்பதையும் உதைப்பதையும் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விடப்பட்டபோது அதே அடியை, அதே உதையை, அதே சொற்களோடு செய்தார்கள். 1963இல் அவர் அதையே படமாக எடுத்துக் காட்டினார். நேரில் பார்த்த பிள்ளைகளைப் போலவே படத்தில் பார்த்த பிள்ளைகளும் செய்தார்கள்.

1965இல் செய்த சோதனைதான் பெற்றோருக்கு மிகவும் தேவையானது. பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதாகச் சில பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருகிறோம் என்றதும், அவர்களும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்து காட்டினார்கள். அதாவது பாடம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வெளியே வரக் காரணம் மட்டுமே தேவைப்பட்டது. இன்று அந்தப் பரிசைக் கொடுப்பது நண்பனின் கைதட்டல், கைப்பேசியில் விழும் லைக். "நம் பையன் பயந்தவன், இதெல்லாம் செய்ய மாட்டான்" என்று நிம்மதியாக இருக்கும் உம்மாமார்கள் இதை யோசிக்க வேண்டும். தனியாக இருக்கும்போது செய்யாத பையன், நாலு பேர் நின்று பார்க்கும்போது செய்வான்.

திரையில் காட்டப்படாதவை

ஒருவர் உடம்பில் தீ பற்றி ஓடும் காட்சிக்கு, அவர் உள்ளே தீப்பிடிக்காத துணியைப் பல அடுக்காக உடுத்தியிருப்பார். தோலில் குளிர்ச்சியான பசை பூசியிருப்பார்கள். தீ எரிவது சில விநாடிகள்தான். கேமரா பார்க்காத பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு ஆட்கள் நிற்பார்கள். மாடியிலிருந்து குதிப்பவருக்குக் கீழே காற்று மெத்தையோ அட்டைப் பெட்டி அடுக்கோ இருக்கும். தாவுகிறவரைக் கம்பி தாங்கியிருக்கும். அந்தக் கம்பியைக் கணினியில் அழித்துவிடுவார்கள். பிள்ளை பார்ப்பது அழித்த பிறகு மிஞ்சியதைத்தான்.

இவ்வளவும் இருந்தும் ஆட்கள் சாகிறார்கள். 2016 நவம்பரில் பெங்களூரு அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில், அத்தொழிலில் நீண்ட அனுபவமுள்ள ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

நம் பையன்கள் அதிகம் பார்ப்பது டபிள்யூ டபிள்யூ ஈ மல்யுத்தம். அட்டை விளையாட்டாக அது வந்த காலம் முதல் கட்டில் மெத்தையில் தம்பியைத் தூக்கிப் போட்டு விளையாடும் வீடுகள் ஏராளம். அந்த மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவானது. தூக்கி எறியப்படுபவரும் எறிபவரோடு சேர்ந்து துள்ளுகிறார். எப்படி விழ வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பழகியிருக்கிறார். அப்படியும் 1997 ஆகஸ்டில், எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் பைல் டிரைவர் என்ற பிடியில் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, சிறிது நேரம் கை கால் அசையாமல் போனது. அதில் அவரைத் தூக்கிய ஓவன் ஹார்ட், 1999 மே மாதம் கன்சாஸ் நகர அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது பிடி கழன்று சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். பின்னர் அந்த நிறுவனமே பைல் டிரைவர் பிடியைப் பெரும்பாலான வீரர்களுக்குத் தடை செய்துவிட்டது. அவர்களே அஞ்சி விட்டுவிட்ட பிடியை நம் பிள்ளை தம்பியிடம் செய்கிறான்.

அதே 1999இல் ஃபுளோரிடாவில் 12 வயதுச் சிறுவனின் கையால் 6 வயதுச் சிறுமி இறந்தாள். தொலைக்காட்சி மல்யுத்தத்தைப் போல விளையாடியபோது நடந்தது என்று அவன் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை, 2001இல் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2003இல்தான் அது ரத்தானது. எது உண்மையோ அல்லாஹ் அறிவான். விளையாட்டுத்தான் என்று சொன்னால் உலகம் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம்.

மார்க்கம் வீரத்துக்கு எதிரானதா?

பயானில் இது பற்றிப் பேசினால் வாலிபர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இஸ்லாம் வீரத்தைச் சொல்லும் மார்க்கம்தானே ஹஜ்ரத், ஏன் தடுக்கிறீர்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. வெறும் தடையைச் சொல்லி அனுப்பினால் அவர்கள் பள்ளிவாசலுக்கு வெளியே போய்ப் பதிலைத் தேடுவார்கள்.

நபி (ஸல்) அவர்கள் பலமான முஃமினைச் சிறந்தவர் என்றார்கள் (முஸ்லிம்). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் (அபூதாவூத்). பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி வித்தை காட்டியபோது, அன்னையாருக்குத் தம் மேலாடையால் மறைப்புக் கொடுத்துப் பார்க்கச் செய்தார்கள் (புகாரி). தேர்ந்தவர்கள் செய்யும் வித்தையைப் பார்த்து மகிழ்வதில் குற்றமில்லை என்பதற்கு அது ஆதாரம். வந்திருந்த சிறுவர்கள் கையில் அந்த ஈட்டிகள் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் குதிரைப் பந்தய ஹதீஸ் இந்தத் தலைப்பில் மிக முக்கியமானது. பந்தயத்துக்கென்று உடலைத் தயார்படுத்திய குதிரைகளை நபியவர்கள் ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட விட்டார்கள். அவ்வாறு தயார்படுத்தாத குதிரைகளை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும் ஓட விட்டார்கள். முதல் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் விளக்குகிறார் (புகாரி). பயிற்சி இல்லாத குதிரைக்கே தூரத்தைக் குறைத்த மார்க்கம் இது. மார்க்கம் பந்தயத்தைத் தடுக்கவில்லை. தகுதிக்கு மீறி ஓட வைப்பதைத்தான் விலக்கியது.

அதே இப்னு உமர் (ரலி) அவர்கள் 14 வயதில் உஹதுப் போருக்கு வந்து நின்றார்கள். நபியவர்கள் அனுமதிக்கவில்லை. அடுத்து 15 வயதில் அகழ்ப் போருக்கு வந்தபோது அனுமதித்தார்கள் (புகாரி). மதீனாவுக்கே ஆபத்து சூழ்ந்திருந்த வேளை, ஆள் பற்றாக்குறை, வந்தவரோ ஆர்வமுள்ள ஸஹாபி. அப்படியும் வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மார்க்கத்துக்காக நிற்க வந்த பிள்ளைக்கே இந்த வரம்பு என்றால், கைதட்டலுக்காக உயிரைப் பணயம் வைக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

பயனற்ற ஆபத்து என்று வரும்போது ஹதீஸ் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. விரல்களுக்கிடையில் பொடிக்கல்லை வைத்துச் சுண்டி எறியும் விளையாட்டு அன்று இருந்தது. அரபியில் கத்ஃப் என்பார்கள். அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியையும் வீழ்த்த முடியாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணத்தோடு நபியவர்கள் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீஸைச் சொன்ன பிறகும் ஒருவர் அதையே செய்யக் கண்ட அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி), இனி உன்னோடு பேச மாட்டேன் என்று கூறிவிட்டார்கள். இவ்வளவும் ஒரு பொடிக்கல்லுக்காக! பயன் ஏதுமில்லை, அடுத்தவருக்குக் காயம் ஏற்படலாம் என்ற இரண்டும் சேர்ந்தால் போதும். பெயர் விளையாட்டாக இருந்தாலும் அது தடை.

தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளுவதைத் திருக்குர்ஆன் 2:195ஆம் வசனமும், தன்னைத் தானே மாய்ப்பதை 4:29ஆம் வசனமும் விலக்குகின்றன. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) ஒரு படையெடுப்பின்போது கடும் குளிரில் குளிப்புக் கடமையானதும், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். விசாரித்தபோது இந்த 4:29ஆம் வசனத்தையே ஆதாரம் காட்டினார்கள். நபியவர்கள் புன்னகைத்தார்கள், எதுவும் சொல்லவில்லை (அபூதாவூத்). கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் இரவு உறங்குபவருக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற ஹதீஸும் அபூதாவூதில் உண்டு. அந்த மாடி விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

குற்றம் யார் மேல்?

பருவம் அடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நாம் அறிந்த ஹதீஸ். இதைக் கேட்டுப் பெற்றோர் நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். பிள்ளையிடம் கேட்கப்படாத கேள்வி நம்மிடம் கேட்கப்படும். தவிர, பிள்ளையின் மீது பாவம் இல்லை என்பதால் அவன் உடைத்த பொருளுக்கு ஈடு இல்லை என்றாகிவிடாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பருவம் அடைந்தவன் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கினால், இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும் அதற்கு மேல் கஃப்பாராவும் உண்டு. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும் (4:92). பைக்கைத் தூக்கிக் காட்டியதில் சாலையோரம் நடந்துபோன பெரியவர் மீது மோதி, அவர் இறந்துவிட்டால் இந்தச் சட்டம் பேசும்.

பக்கத்தில் நின்று படம் பிடிப்பவனை யாரும் கேட்பதில்லை. பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாம் என்கிறது 5:2ஆம் வசனம். பார்ப்பவன் இல்லையென்றால் பாதிச் சாகசங்கள் நடக்கவே நடக்காது.

பைக்

நம் ஊர்களில் இதுதான் இன்று முதல் பிரச்சினை. வாப்பா வளைகுடாவில் உழைக்கிறார். பிள்ளையின் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு. பத்தாம் வகுப்பு முடித்ததும் பையன் கேட்ட பைக்கை உம்மா பெயரில் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். கடைக்குப் போக வர உதவும் என்று உம்மாவும் சம்மதிக்கிறார். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சட்டம் தெரிய வேண்டும்.

18 வயது நிரம்பாதவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. வழக்கில் முதல் பெயராக உம்மாவின் பெயரே வரலாம். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் 189ஆம் பிரிவுப்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய். உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடமே திரும்பக் கேட்க முடியும். பல ஆண்டு வெளிநாட்டு உழைப்பு அதில் போய்விடும். 2023இல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் சக்கரத்தைத் தூக்கிக் காட்டி விழுந்த பிரபல யூடியூபர் ஒருவருக்கு ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு இல்லை என்றானது. அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியையும் சொல்லுங்கள்.

டெல்லியில் பராஅத் இரவுகளில் நம் இளைஞர்கள் கூட்டமாகப் பைக் சாகசம் செய்வது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. காவல்துறை தடுப்பு வைப்பதும் ஆலிம்கள் வேண்டுகோள் விடுப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. நம் பக்கத்திலும் ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை பையன்கள் வண்டியில் சுற்றுவதைப் பார்க்கிறோம். பள்ளிக்குப் போயிருக்கிறான் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் அந்த மணி நேரங்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்தாலே பாதி குறையும். மஹல்லாவில் ஒரு நீச்சல் பயிற்சி, சிலம்பம், கராத்தே என்று ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொடுக்கலாம். ஆசை இருக்கும் பையனுக்கு அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு ஒழுங்கான வழி தேவை.

வீட்டில் செய்ய வேண்டியவை

சிறு பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போதே கேளுங்கள்: இவர் விழுந்தாரே, கீழே என்ன வைத்திருப்பார்கள்? கேமரா எங்கே நின்றது? ஏழு எட்டு வயதுப் பிள்ளை விரைவில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லும். பெரிய பையனிடம் பேசும்போது கூட்டாளிகள் முன் வைத்துப் பேச வேண்டாம்; மானப் பிரச்சினையாகிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பட்டாசு மருந்து எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மதீனாவில் இரவில் ஒரு வீடு எரிந்தபோது, தீ உங்களுக்கு எதிரி, உறங்கும் முன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி).

எவ்வளவு கவனித்தாலும் விபத்து வரலாம். உடையில் தீப்பிடித்தால் ஓட விடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். கெட்டியான பருத்திப் போர்வையால் மூடுங்கள். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். உயரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவனைப் பதறித் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தெலும்பு அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே கை கால்களை முடக்கிவிடும். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை முதலில் நன்றாக இருந்து, சில மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் உறங்கினாலோ, காது மூக்கிலிருந்து நீர் வடிந்தாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தான் என்று வெட்கத்துக்காகவும் போலீஸ் கேஸ் பயத்துக்காகவும் மாற்றிச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் விழுந்தான், கழுத்து மடங்கியதா, என்ன எரிபொருள் என்பது தெரிந்தால்தான் எங்கே படம் எடுப்பது, எதை முதலில் பார்ப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும். பையன் உங்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்கினால், கூட இருந்த நண்பனைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அவன் கைப்பேசியில் பெரும்பாலும் வீடியோ இருக்கும்.